தள்ளுபடி ஆன எண்பதாயிரம்

அலங்காநல்லூர்

அன்புள்ள தம்பி முத்துப்பாண்டிக்கு, அக்கா கனகலட்சுமி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் மகள் சுபலட்சுமியும் சுகம். நீயும் அன்னக்கொடியும் சித்தார்த்தும் நலமாக இருக்க அழகர் துணை.

வாட்ஸ்அப் காலத்தில் அக்கா காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். போனை எடுத்தால் உன் மச்சான் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அதனால் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் ஜெயபாண்டி கையில் கொடுத்துவிடுகிறேன். இது வந்தது உன் மச்சானுக்குத் தெரிய வேண்டாம்.

சுபாவுக்கு நர்சிங் படிக்க மதுரையில் இடம் கிடைத்ததைச் சொல்லியிருந்தேன். படிப்புக் கடன் கேட்டு பேங்குக்குப் போனோம். மேனேஜர் நல்ல பிள்ளை, உட்காரவைத்துத்தான் பேசினார். ஆனால் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் சிபில் ஸ்கோர், அதாவது கடன் கட்டிய ஒழுங்குக்குப் போடும் மார்க், விழுந்து கிடக்கிறது, கடன் தர முடியாது என்றார். நாங்கள் யாருக்கும் சல்லிக்காசு பாக்கி இல்லை என்று உன் மச்சான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

எல்லாம் அந்த லோடு வண்டிக் கடன்தான். கொரோனாவில் வண்டி நின்றுபோய்த் தவணை கட்ட முடியாமல் தவித்தபோது நீதானே ஃபைனான்ஸ்காரர்களை உட்காரவைத்துப் பேசினாய். இரண்டு லட்சத்தில் எண்பதாயிரத்தைத் தள்ளவைத்து, மிச்சத்தை ஒரேயடியாகக் கட்டவைத்தாய். நம் பக்கம் நாலு பேர் முன்னால் “இத்தோட தீந்துச்சு” என்று சொல்லிவிட்டால் அப்புறம் எவனும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டான். அந்த நம்பிக்கையில் வந்தவர்களுக்குக் கறிச்சோறு போட்டு அனுப்பினோம். தின்றுவிட்டுப் போனவர்களோ, எங்களை முழுசாகக் கட்டாதவர்கள் என்று பதிந்துவைத்திருக்கிறார்கள். உன்னைக் குறை சொல்லவில்லை தம்பி. அன்றைக்கு நீ இல்லாவிட்டால் நாங்கள் தெருவில் நடமாடியிருக்க முடியாது.

தள்ளிய பணத்தையும் கட்டினால் பதிவை மாற்றலாம் என்று மேனேஜர் சொன்னார். உன் மச்சான் இரண்டு கறவை மாடுகளையும் விற்றுப் பணத்தோடு கோரிப்பாளையத்துக்கு ஓடினார். ஃபைனான்ஸ் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எங்கள் கணக்கை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டார்களாம். அவர்கள் நம்பருக்குப் போட்டால் பாட்டுதான் பாடுகிறது. தவணை தவறினால் பல் விளக்குமுன் வாசலில் நின்ற கூட்டம், பணத்தை வைத்துக்கொண்டு கூப்பிட்டால் எட்டிப் பார்க்க மாட்டேன் என்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. பேங்கில் டெபாசிட் போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்கி, தேய்த்துத் தேய்த்துத் தேதி தவறாமல் கட்ட வேண்டுமாம். வாங்கியிருக்கிறோம். உன் மச்சான் பெட்ரோல் போட்ட கையோடு பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கே வருகிறார். இனி கடனே வேண்டாம் என்று கோயிலில் சத்தியம் செய்த மனுஷனிடம், வாங்கிக் காட்டினால்தான் நம்புவோம் என்கிறார்கள். ஸ்கோர் ஏற இரண்டு வருஷமாவது ஆகுமாம். காலேஜ் காத்திருக்குமா?

சுபா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறேன் என்கிறாள். “எனக்கு ரத்தத்தப் பாத்தாலே மயக்கம் வரும்மா, நல்லதாப் போச்சு” என்கிறாள். போன வருஷம் என் காலில் மண்வெட்டி பட்டபோது கழுவிக் கட்டுப்போட்டவள் அவள்தான்.

தாய்மாமன் பெயர் சுத்தமாக இருந்தால் அவர் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும் பார்க்கலாம் என்று மேனேஜர் சொன்னார். வெளியே வந்ததும் உன் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நம்ம பேரு கெட்டது போதும். அவனும் பிள்ளகுட்டிக்காரன், அவன இழுத்து விட்றாத” என்றார். அதனால் நான் உன்னிடம் எதையும் கேட்கவில்லை தம்பி. காலேஜில் மாதக் கடைசி வரை இடத்தை வைத்திருப்பார்களாம்.

சித்தார்த் நல்ல மார்க் எடுக்கிறான் என்று அன்னக்கொடி சொன்னாள். கேட்கவே மனசு குளிர்ந்துபோனது. அவன் ஆசைப்பட்டதையெல்லாம் படிக்கட்டும். பெற்றவர்களைக் காட்டி அந்தப் பிள்ளையை எந்த வாசலிலும் யாரும் திருப்பி அனுப்பாதிருக்கட்டும்.

என்றும் உன் நலம் வேண்டும் அக்கா,
கனகலட்சுமி