தகரவேலியைத் தட்ட ஆள் வேண்டும்

என் ராணி மெர்லீனுக்கு, கிங்ஸ்டனிலிருந்து லின்வல். ஆண்டவர் தயவில் நலம். உன் முட்டிவலி தேவலையா? வாய் நலமாகத்தான் இருக்கும், அதைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை கச்சேரியில் நம் எஸ்மண்ட் அண்ணன், தான் எழுதிய பாட்டிலேயே இரண்டாம் சரணம் வராமல் நின்றுவிட்டார். நம் வீட்டு அடுப்படியில், நீ மீன் பொரிக்கும்போது எழுதினாரே, அந்தப் பாட்டுதான். நான் சட்டென்று கிதாரை நிறுத்தி, "மறுபடி முதல்லேர்ந்து!" என்று கத்தினேன். பாட்டு பிடித்துப்போனால் நம் ஜனங்கள் அப்படித்தானே கேட்பார்கள்? கூட்டமும் சேர்ந்து கத்தி, தகரவேலியைத் தட்டியது. முதலிலிருந்து பாடினார், சரணமும் வந்துவிட்டது.

மேடையிலிருந்து இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியாடா, இந்த வயசுலயும் என்னை விடமாட்டேங்கிறானுங்க!"

"உன்னை விட்டா வேற கிழவன் யாருண்ணே இருக்கான்?" என்றேன்.

அடுத்த வாரம் நம் போர்ட் அன்டோனியோவில் கச்சேரி. பொரித்த மீன் கொண்டுவா. இங்கே தனியாகத் தின்றால் எதுவும் இறங்குவதில்லை. வேலியை ஒட்டி நில். அவர் பாதியில் நின்றால் முதல் தட்டு உன்னுடையதாக இருக்கட்டும். மறந்து நின்றதாக அவருக்குத் தெரிந்தால் அப்புறம் பாடவே மாட்டார். ஜனங்கள்தான் நிறுத்தினார்கள் என்றே நினைக்கட்டும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். பலமாகத் தட்டு, மெர்லீன்.

உன் லின்வல்