பெரிய ஸ்கோப்

ஞாயிறு இரவு, பூனாகலை.

எழுத்து கோணலாகப் போகிறது.

குரங்கு விரட்ட வாங்கிய எயார் ரைபிளுக்குக் குறி பார்க்கும் ஸ்கோப் எடுக்கக் காலையில் பதுளைக்குப் போனேன். கடைக்கார நானா சின்னதைத்தான் எடுத்துக் காட்டினார். "லேசான துவக்கு, இது போதும். பெருசுல தூரத்துல இருக்கிறது நல்லா தெரியும், கிட்ட இருக்கிறது ஒண்டும் விளங்காது. ஒங்கட பக்கம் பனி வேற."

நான் கேட்கவில்லை. பெரியதைக் கடைவாசலில் நின்று பார்த்தேன். நல்ல வெயில். எதிர்மலை வீட்டுக் கொடியில் காய்ந்த சட்டையின் பொத்தான்கூடத் தெரிந்தது. அதையே வாங்கிவிட்டேன்.

சாயங்காலம் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால், போஞ்சிக்காய்ப் பாத்தியில் குரங்குச் சத்தம். பனி இறங்கியிருந்தது. குண்டு போட்டு ஜன்னல் வழியாகக் குறி பார்த்தேன். முதலில் எல்லாம் வெள்ளை. பிறகு பழுப்பாக, மங்கலாக ஏதோ குனிந்து கொடியை இழுத்தது. உடம்பில் ரோமம் தெரிந்தது. விசையில் விரலை வைத்து அழுத்தப் போனேன்.

அது இருமியது.

என் வீட்டுக்காரி. தூறலுக்குக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, சாய்ந்த கொடியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். அவள் பாத்திக்குப் போனது எனக்குத் தெரியாது.

உள்ளே வந்து கம்பளியை உதறினாள். "சனியனெல்லாம் ஓடிருச்சுங்க. அந்தக் கண்ணாடியில நல்லா தெரியுதாங்க?"

"தெரியுது" என்றேன்.

ஸ்கோப்பைக் கழற்றிவிட்டேன். நாளைக்கு அவளிடம் சொல்ல வேண்டும். சொல்வேனா, தெரியவில்லை.

தூக்கத்தில் இருமுகிறாள். இந்த இருமலுக்கு எத்தனை ராத்திரி எரிந்து விழுந்திருக்கிறேன்.

இருமட்டும்.