ஈரக் கல்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு நடமாடுகிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் என் அண்ணன் பேச்சை எடுத்தாலே, "சரி, இங்க வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறீர்கள். இதையும் பாதியில் கீழே வைக்கலாம்தான். ஆனால் மறுபடி எடுத்துப் படிக்க முடியும்.

மகளுக்கு மூக்குக்கண்ணாடி போட்டாயிற்று. "அப்பா மாதிரி இருக்கேனா?" என்று மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று கேட்கிறாள். உங்களைவிட லட்சணமாகத்தான் இருக்கிறாள். பட்டறைக் கூரையில் ஒழுகிய இடத்தை அண்ணன் ஏறி அடைத்துவிட்டார். இறங்கும்போது ஏணி சறுக்கி முழங்கையைத் தேய்த்துக்கொண்டார், வேறு ஒன்றுமில்லை.

மாதக் கடைசியில் இன்னும் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்க்கக் கையெழுத்துப் போடப்போவதாகச் சொன்னீர்கள். அதற்குள் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்பதால் விஷயத்துக்கு வருகிறேன்.

இரும்பைச் செதுக்கும் நம் முதல் மில்லிங் மெஷினுக்காக நீங்களும் அண்ணனும் வார்த்த அந்த ஃபிரேமை உடைத்துவிட்டோம். இரும்பு வார்ப்பாக இருந்தால் உருக்கி வேறு எதற்காவது கொடுத்திருக்கலாம். கருங்கல் ஜல்லியும் எபாக்ஸிப் பசையும் கலந்து வார்த்ததை உருக்க முடியாதே. நீங்கள் போனதிலிருந்து பத்து மாதமாகச் சாக்கைப் போர்த்திக்கொண்டு மூலையில் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாள்தான் ஞாபகம் வரும். மெஷின் தலை ஓடுவதற்கான ரெயிலை அதன்மேல் பூட்டி போல்ட்டை முறுக்கினீர்கள். உள்ளே புதைத்த நட்டு, கையளவு கல்லோடு பெயர்ந்து வந்தது. கலவையை அதிரவைக்கும் வைப்ரேட்டரைச் சரியாகப் பிடிக்கவில்லை, உள்ளே காற்று நின்றுவிட்டது என்று நீங்கள் அண்ணனைச் சொன்னீர்கள். எபாக்ஸியைக் கஞ்சத்தனமாக ஊற்றச் சொன்னது யார் என்று அவர் உங்களைக் கேட்டார். "கை வணங்காத ஆளோட இனிமே தொழில் பண்ண மாட்டேன்" என்று நீங்கள். "கணக்குப் புலியா இருந்தா போதுமா?" என்று அவர். அடுத்த மாதமே நீங்கள் அங்கே வேலை தேடிக்கொண்டீர்கள். உங்கள் பெட்டிக்குச் சட்டைகளை மடித்துக் கொடுத்தவள் நான்.

போன மாதம் இடம் வேண்டும் என்று அண்ணன் சம்மட்டியை எடுத்தார். நானும் ஒரு சுத்தியல் எடுத்துக்கொண்டேன். நன்றாகப் பிடித்த வார்ப்பு உடைந்தால் கல்லும் சேர்ந்து பிளக்கும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இதில் ஒரு கல்கூடப் பிளக்கவில்லை. பலாக்கொட்டை மாதிரி வழுக்கிக்கொண்டு தனியாக வந்தது. கல் இருந்த குழியெல்லாம் பால் சிந்திய மாதிரி வெளுத்துப்போயிருந்தது. காற்றுப் பொத்தல் என்று தேடினால் ஒன்றுமில்லை. அண்ணன் ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டுவிட்டது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கல் ஈரமாக இருந்திருக்கிறது. ஈரம் பட்டால் எபாக்ஸி வெளுத்துப்போகும், கல்லில் ஒட்டாது. அதைக் கழுவிக் காயவைத்தவள் நான்.

தூசி போகக் கழுவி, மொட்டை மாடியில் தார்ப்பாய் விரித்து மூன்று நாள் போட்டிருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் மேகம் கட்டியது. அதே நேரம் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன். மேலாகக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. அடியில் புரட்டிப் பார்க்காமல் வாரிச் சாக்கில் கட்டிவிட்டு ஓடினேன். மறுநாள் காலையில், "கல்லு ரெடியா?" என்று கேட்டீர்கள். ரெடி என்றேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பெட்டியை மூடிய அன்றே எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. கல் என்ன தண்ணீரா குடிக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் நீங்கள் போயிருக்க மாட்டீர்களோ என்னவோ. பயம்தான், வேறு என்ன. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்கள் இருவர் மேலும் எனக்குக் கோபமும் உண்டு. மாற்றி மாற்றிக் குற்றம் சொன்னீர்கள். நான் டீ டம்ளரோடு பக்கத்தில்தான் நின்றேன். கல்லைக் கழுவியவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம். கல்லைக் கழுவுவது உங்களுக்கு ஒரு வேலையாகவே தெரியவில்லை, அதனால் அதில் தப்பு வரும் என்றும் தோன்றவில்லை.

அண்ணனிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப பத்து மாசமா மாப்பிள்ளைய நான் திட்டினதெல்லாம் வீண்தானா?" என்றார். இன்னொரு டீ போடச் சொன்னார். குடித்து முடித்துவிட்டு, "நீயே எழுது. நான் சொன்னா நம்ப மாட்டாரு" என்றார்.

கடிதத்தோடு வெறும் சாக்குப்போக்கு வரக்கூடாது என்று, முதலில் வேலையைச் செய்து பார்த்தோம். நானே மறுபடி கல் கழுவினேன். ஐந்து நாள் காயவைத்து, வேளைக்கு ஒரு தடவை புரட்டினேன். சாக்குக்கு ஒரு பிடி அடியிலிருந்து எடுத்து, சூட்டோடு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடிவைத்தேன். பாட்டில் உள்ளே வேர்த்தால் அந்தச் சாக்கு மறுபடி மாடிக்குப் போகும். இரண்டு சாக்கு போயின. எபாக்ஸி நீங்கள் எழுதிவைத்த அதே நூற்றுக்குப் பன்னிரண்டு. அண்ணனே நிறுத்தார், ஒரு சொட்டுக் கூட்டவில்லை. வைப்ரேட்டரை அதே கையால், அதே நேரம் பிடித்தார்.

அச்சைக் கழற்றி, ஒரு வாரம் விட்டு, நீளமான ஸ்பேனரைப் போட்டு அண்ணன் தொங்காத குறையாக முறுக்கினார். போல்ட் முனகியது, நட்டு அசையவில்லை. சுத்தியலால் தட்டினால் ஓசையும் அதிர்வும் உடனே அடங்கிவிடுகின்றன, நீங்கள் ஆசைப்பட்டபடியே. அன்றைக்கும் உங்கள் கணக்கு சரி, அண்ணன் கையும் சரி.

ரெயிலை மட்டும் பூட்டவில்லை. மயிரிழை பிசகாமல் அதை உட்காரவைக்க இங்கே ஆளில்லை. வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "அது மாப்பிள்ளை வேலை. வேற யாரும் தொட வேண்டாம்" என்று ஃபிரேமின் மேல் சலவைத் துணியை விரித்து மூடிவிட்டார். மயிரிழை மேடு பள்ளத்தையும் அளக்கும் உங்கள் டயல் கேஜை எடுத்துத் துடைத்து வைக்கிறார். நான் பார்க்கவில்லை என்று அவருக்கு நினைப்பு.

இத்துடன் இரண்டு துண்டு அனுப்பியிருக்கிறேன். சுத்தமாக வழுக்கி வந்த கல் பழையது. கல்லோடு சேர்ந்து பிளந்த துண்டு, புதிய கலவையில் சோதனைக்காகத் தனியாக வார்த்து உடைத்தது. இரண்டையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

திட்ட வேண்டியது என்னை. அதைப் போனில் திட்டாதீர்கள், நேரில் வந்து திட்டுங்கள். அன்றைக்குச் சட்டைகளை மடித்துக் கொடுத்த கைதான் இதை எழுதுகிறது. பெட்டியைப் பிரித்து அந்தச் சட்டைகளை எடுத்து அடுக்கும் வேலையையும் எனக்கே கொடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசலைப் பார்த்திருக்கும்
உங்கள் மனைவி