விருந்தாளி எழுதிய நன்றி

வுனிமோனோ,
12-10-1987

அன்பு மகள் ப்ரேமிலாவுக்கு,

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள், அம்மா. இது அப்பாவின் சொந்தக் கை! கோயிலில் அப்பல்சாமி சொல்லிக்கொடுத்தார். 'ழ' போடத்தான் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் போட்டுவிட்டேன், பார்.

உன் தம்பி யோகேந்திராவைப் பட்டாளத்தார் கொண்டுபோய்விட்டார்கள். பட்டாள ஆட்சியை எதிர்த்துக் கூட்டத்தில் பேசினானாம். முகாமுக்கு ஓடினேன். அதிகாரி உட்காரவைத்து ஒரு கிண்ணம் யங்கோனா வேர்ச்சாறு கொடுத்தார். "நீங்கல்லாம் வுலாங்கி, கப்பல்ல இந்தத் தீவுக்கு வந்த விருந்தாளிங்க. வீட்டுக்காரன் பேச்சைக் கேட்டா விருந்தாளிக்கு ஒண்ணும் ஆகாது, தாத்தா. ஊர் அடிச்சுக்கிட்டுச் சாகக் கூடாதுன்னுதான் ஆட்சியை எடுத்தோம்" என்று அவர் பாஷையில் சொன்னார்.

விருந்தாளி என்றாரே என்று நம்பி, மறுநாள் தம்பிக்குச் சோறு கொண்டுபோனேன். வாசலிலேயே கொட்டிவிட்டார்கள்.

"நல்லா வச்சிருக்காங்க, நன்றின்னு உன் பாஷையிலே எழுதிக் குடு. விட்டுடறோம்" என்கிறார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டவாம். என்ன செய்ய?

அப்பா வீரசாமி

ஆக்லாந்து,
20-10-1987

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். கேட்டதை எழுதிக் கொடுத்துவிடுங்கள், அப்பா. ரோஷம் பார்க்கிற நேரமில்லை. தம்பியிடம் விசா இருக்கிறது. உயிரோடு இங்கே வந்தால் போதும்.

உங்கள் ப்ரேமிலா

வுனிமோனோ,
30-10-1987

அன்பு மகளுக்கு,

இதைத் தம்பி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவனுக்கு ஒரு கண் திறக்கவில்லை. டாக்டரிடம் காட்டு.

நீ சொன்னபடி எழுதத்தான் போனேன். அவனைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தினார்கள். அந்த முகத்தைப் பார்த்தபின் 'நன்றி' கைக்கு வரவில்லை. "என் மகனை அடித்தீர்கள். விருந்தாளியை யாரும் பூட்டிவைப்பதில்லை. ஆட்சியைத் திருடிவிட்டுக் காவல் என்கிறீர்கள்" என்று எழுதினேன். ஒரு பிழை இல்லை, அம்மா!

அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ரொம்ப அழகு, தாத்தா" என்று கை குலுக்கினார். தம்பியை விட்டுவிட்டார்கள். இன்று விமானம் ஏறுகிறான். அவனுக்குத் தமிழ் படிக்க வராது; நான் எழுதியது தெரியாது.

நாளை பத்திரிகைக்காரர்கள் முன்னால் அதைப் படித்து அர்த்தம் சொல்ல அப்பல்சாமியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "நன்றின்னே படிச்சுடறேன்யா" என்று அழுகிறார். "பின்னால தெரிஞ்சா உன்னையும் பிடிப்பான். உள்ளதைப் படி" என்றேன். எழுதியவன் நான்தான் என்று சொல்ல நானும் கூடப் போகிறேன்.

அடுத்த வாரம் எழுதுகிறேன். கடிதம் வராவிட்டால், தம்பியைத் திரும்பி வர விடாதே.

அப்பா வீரசாமி