கடைசி வண்டிக்கு முன்னால்

மார்ச் 3, ஞாயிறு

இன்று ஓடினேன். பேருந்தைப் பிடிக்க அல்ல, சின்னவனைப் பிடிக்க.

குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தலை முழுக்க நுரை. துண்டை எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஆள் மாயம். கூடம், திறந்து கிடந்த வாசல் கதவு, படிக்கட்டு என்று வழியெல்லாம் ஈரக் கால்தடம். மூன்று வயதுகூட ஆகாத பயல், உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல், நுரையோடு தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறான். பின்னால் துண்டோடு நான். எனக்குப் பின்னால், "புடி, புடி!" என்று கத்திக்கொண்டு ஒன்றாம் வகுப்பு படிக்கும் பெரியவள்.

தபால் பெட்டி அருகே பிடித்துவிட்டேன். பிடித்த பிறகும் என் கால் நிற்கவில்லை. அவனைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைவரை ஓடிவிட்டுத்தான் திரும்பினேன். ஏன்? தெரியாது. வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு சிரிப்பாக வந்தது. கடைசியாக எப்போது ஓடினேன்? பள்ளிக்கூடத்திலா?

இவர் வீட்டில் இல்லை. லிஃப்ட் பழுது பார்ப்பவருக்கு ஞாயிறு ஏது? காலையிலேயே போன் வந்தது. எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார். "பரவால்லைங்க, வீட்ல ஆள் இருக்கு. இதோ வர்றேன்."

அந்த ஆள் நான்தான்.

மார்ச் 4

எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஆம்புலன்ஸ் டிரைவர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர்.

"எக்ஸ்ரேம்மா, நேத்து உன் ஓட்டத்தப் பாத்தேன். நல்லாத்தான் ஓடற. முன்னாடி ஓடினவன்தான் கொஞ்சம் உடுத்திக்கிட்டு வந்திருக்கலாம்."

பிறகு விஷயத்துக்கு வந்தார். மே மாதம் நகர ஓட்டம். பத்து கிலோமீட்டர். அதில் கடைசி வண்டியை வருடா வருடம் ஓட்டுபவர் அண்ணன்தானாம். எல்லோருக்கும் பின்னால் ஒரே வேகத்தில் வருமாம். யாரைத் தாண்டுகிறதோ அவர் ஏறிக்கொள்ள வேண்டும், ஓட்டம் அவருக்கு அத்தோடு முடிந்தது. ஓடுகிறவர்கள் அந்த வண்டிக்கு வைத்திருக்கும் பெயர் துடைப்பம்.

"பேரு குடு. மெதுவா ஓடினாலும் பரவால்ல. என் வண்டியில மட்டும் ஏறிடாத."

சிரித்துவிட்டு உள்ளே போய் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டேன். மதியம்வரை ஒவ்வொரு நெஞ்சையும் படம் பிடிக்கும்போது அதே நினைப்பு. மூச்சை இழுங்க. அப்படியே புடிங்க. விடுங்க. பத்து கிலோமீட்டரா? நானா?

மார்ச் 10, ஞாயிறு

பேர் கொடுத்துவிட்டேன்!

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. போன் வந்தது, போய்விட்டார். வீட்ல ஆள் இருக்காமே.

சரி, ஆள் ஓடட்டும். சின்னவனைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து வார்ப்பட்டையைப் பூட்டினேன். பெரியவள் தன் சைக்கிளில். மூவரும் கால்வாய்க் கரைக்குப் போனோம். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவது ஒரு தனி வித்தை. ஒரு சக்கரம் இடதுபக்கம்தான் போவேன் என்கிறது. சரிவில் அது என்னை இழுக்கிறது. மேட்டில் மொத்த உலகத்தையும் நான் தள்ளுகிறேன்.

வேகம் பிடித்த நேரத்தில் உள்ளேயிருந்து குரல். "உச்சா!"

நின்றேன். பட்டையைக் கழற்று, இறக்கு, மரத்தடி, ஏற்று, பட்டையைப் பூட்டு. ஓடினேன். பெரியவளின் சைக்கிள் சங்கிலி கழன்றது. நின்றேன். ஓடினேன். "உச்சா!" இந்த முறை பொய். மரத்தடியில் எறும்பு பார்க்க வேண்டுமாம்.

ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். ஆனாலும் வீடு திரும்பும்போது மூவரும் வாய்விட்டுப் பாடிக்கொண்டு வந்தோம்.

மார்ச் 13

படி இறங்க முடியவில்லை. பின்பக்கமாக இறங்குகிறேன். எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, "உங்களுக்கே ஒரு படம் எடுக்கணுமா?" என்கிறார்.

மார்ச் 17, ஞாயிறு

சண்டை. எழுதித்தான் தீரவேண்டும்.

இன்று காலை நான் மட்டும் ஓடுவது என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமையே சொல்லியாயிற்று, இவரும் தலையாட்டியாயிற்று. காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், போன். யாரும் மாட்டிக்கொள்ளவில்லை, லிஃப்ட் கதவு சத்தம் போடுகிறது, அவ்வளவுதான். இவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். "வீட்ல ஆள் இருக்கு. வர்றேன்."

திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நான் என்ன, கதவுக்குப் பூட்டா? இருக்கு, இருக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே!"

"இப்ப என்ன ஆச்சு? சாயங்காலம் ஓடேன்."

"சாயங்காலம் பசங்களுக்கு யாரு? பூட்டுதான?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் வந்தது. கோபத்தில் சிரிப்பு வந்தால் அதைவிட அவமானம் கிடையாது. அந்த வேகத்தில்தான் பந்தயம் கட்டினேன். மே மாத ஓட்டத்தில் துடைப்பத்துக்கு முன்னால் முடிவுக் கோட்டைத் தாண்டினால், இனி ஞாயிற்றுக்கிழமை காலை என்னுடையது. எல்லா ஞாயிறும். கதவு கத்தினாலும் சரி, மணி அடித்தாலும் சரி. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் மட்டும் விலக்கு.

"தாண்டலன்னா?"

"பேச்சே எடுக்கமாட்டேன். ஆள் வீட்லயே இருக்கும்."

கை கொடுத்தார். கையெல்லாம் கிரீஸ். வேண்டுமென்றேதான் செய்தார்.

இப்போதுதான் யோசிக்கிறேன். தோற்றால்? வாயை விட்டுவிட்டேனே.

மார்ச் 26

சின்னவனுக்குக் காய்ச்சல். ஓடவில்லை.

மார்ச் 28

காய்ச்சல் பெரியவளுக்கு.

மார்ச் 31, ஞாயிறு

எனக்கு.

ஏப்ரல் 9

மறுபடி முதலிலிருந்து. ஆனால் இன்று கால்வாய்ப் பாலம்வரை ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு போனேன். மேட்டில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். மூச்சை இழுங்க, புடிங்க, விடுங்க. வேலைப் பழக்கம். "புடிங்க" என்றதும் நிஜமாகவே பிடித்துவிட்டேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. எதிரே நாயோடு வந்தவர், "விடுங்க, விடுங்க!" என்று கத்தினார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

அதிசயம். போன் வரவில்லை. தனியாக ஓடினேன்.

தள்ளுவண்டி இல்லாமல் கையை என்ன செய்வது என்றே தெரியவில்லை! இரண்டு கையும் தன்னால் முன்னால் நீண்டு, இல்லாத கைப்பிடியைப் பிடித்துக்கொள்கின்றன. கடை வாசலில் ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு, தன் பக்கத்தில் இருந்தவளை இடித்துக் காட்டினாள். பார்க்கட்டும். உடம்பு இறகு மாதிரி இருந்தது. ஈயக் கவசத்தைக் கழற்றிப்போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் நேரம் தெரியுமே, அந்த லேசு. போகும் வழியெல்லாம் அந்த லேசு.

யாருக்கும் உச்சா வரவில்லை. ஒரு இடத்தில் நானாகவே நின்றுவிட்டேன், பழக்கதோஷம்.

மே 12, ஞாயிறு

டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். "கொஞ்சம் பாத்து மெதுவா ஓட்டுங்கண்ணே."

"அதெல்லாம் நடக்காது. தெரிஞ்ச முகம்னு மெதுவா ஓட்டினா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? வண்டி அது பாட்டுக்கு வரும். நீ உன் பாட்டுக்கு ஓடு."

பாவி மனுஷன். ஆனால் அதுதான் சரி.

மே 19, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடியும் முன்னே போன். நான் சட்டையில் போட்டி எண்ணைக் குத்திக்கொண்டிருந்தேன். மறுமுனையில் யாரோ பதறுவது எனக்கே கேட்டது. ஒரு அடுக்குமாடியில் மூன்று பேர் லிஃப்டுக்குள். அதில் ஒரு கர்ப்பிணி. இவர் போனைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

"போங்க," என்றேன். "விலக்குன்னு நாமதான சொன்னோம்."

"உன் ஓட்டம்?"

"போங்கன்னா!"

போனார். ஐந்து நிமிடம் பாத்திரம் கழுவும் தொட்டி ஓரம் நின்று அழுதேன். அப்புறம்... சே, அழுதால் ஆயிற்றா? இரண்டையும் எழுப்பி, இரவு உடையோடு தூக்கிக்கொண்டு, ஆளுக்கொரு வாழைப்பழம் கையில் கொடுத்து, டாக்ஸி பிடித்தேன். தள்ளுவண்டிக்கு அங்கே அனுமதி இல்லை. அவ்வளவு கூட்டத்தில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். அது துடைப்பத்தின் ஓட்டுநர் இருக்கையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே..."

"வேணாம்," என்றார், நான் கேட்பதற்குள். "இது துடைப்பம். பள்ளிக்கூட வேன் இல்ல."

சின்னவன் அதற்குள் படியில் ஏறி அவர் மடியில் உட்கார்ந்துவிட்டான். பெரியவள் பின்னிருக்கையில் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். வண்டியில் ஒலிபெருக்கியோடு இருந்த தொண்டர் பெண், "நான் பாத்துக்கறேன்கா, நீங்க ஓடுங்க," என்றாள். அண்ணன் தேநீர்க் குவளையை வைத்தார். "உன் புள்ளைங்க உள்ள இருக்காங்கன்னு மெதுவா ஓட்டமாட்டேன், கேட்டியா?"

ஓடினேன். கைகள் பாட்டுக்கு முன்னால் நீண்டன, மடக்கினேன். ஆற்றோரம் நன்றாகப் போனது. பாதி தூரத்தில் பின்னால் ஒலிபெருக்கி கேட்டது. தொண்டர் பெண்ணின் குரல் இல்லை.

"அம்மா! நான்தான்! தெரியுதா?"

தெரியாமலா? ஆற்றுக்கு அந்தக் கரையில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும். பெரியவள் ஒலிபெருக்கியைக் கைப்பற்றிவிட்டாள். "மூச்சை இழுங்க! விடுங்க! புடிக்காதீங்க!" பக்கத்தில் ஓடிய மீசைக்காரர் சிரித்துச் சிரித்து நடக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த திருப்பத்தில் வண்டி அவரை அள்ளிக்கொண்டது.

பாலம் ஏறும்போது துடைப்பம் என் முதுகுக்கே வந்துவிட்டது. இன்ஜின் சூடு காலில் படுகிறது. ஒரு ஜன்னலில் சின்னவன். "அம்மா, ஏறு! உள்ள வா! நல்லாருக்கு!" இன்னொரு ஜன்னலில் பெரியவள். "ஏறாத! ஏறினா அவ்ளோதான்!" நடுவில் மீசைக்காரர், "ஓடு தாயி!"

முடியவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது, ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகள் இரண்டும் அங்கேதானே இருக்கின்றன? ஒரு எட்டு வைத்தால் மடியில் வந்து உட்காரும். ஞாயிறாவது ஒன்றாவது.

அப்போது ஒலிபெருக்கியில், நகரம் முழுக்கக் கேட்கும்படி, என் மகன் சொன்னான்.

"அம்மா, உச்சா!"

என் கால் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, தானாக நின்றது. திரும்பியும் விட்டேன், பட்டையைக் கழற்ற இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு. வண்டியும் நின்றது. அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"நீ எதுக்கு நிக்கற? உனக்கா வருது?"

"இல்லண்ணே, அவனுக்கு..."

"அதுக்கு வண்டி நின்னுடுச்சு. நீ எதுக்கு? ஓடும்மா!"

தொண்டர் பெண் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். "நாங்க பாத்துக்கறோம்!" என்று ஒலிபெருக்கி அலறியது. பெரியவள்தான்.

ஒரு நொடி நின்றேன். அப்புறம் ஓடினேன் பாருங்கள்... யாரிடம் சொல்கிறேன் நான்? ஓடினேன். பாலத்தின் சரிவில் என்னை இழுக்க எதுவும் இல்லை, தள்ளவும் எதுவும் இல்லை. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினேன். மைதானத்துக்குள் முடிவுக் கோட்டின் அலங்கார வளைவைக் கழற்ற ஏணியில் ஏறியிருந்தார்கள். "இருங்க, இருங்க, ஒரு ஆள் வருது!" என்று யாரோ கத்தினார். ஏணிக்கு அடியில் கோட்டைத் தாண்டினேன். அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பதக்கத்தை எடுத்துக் கழுத்தில் போட்டார்கள். அதற்கப்புறம்தான் துடைப்பம் வந்தது.

சின்னவன் இறங்கியதும் பதக்கத்தைக் கடித்துப் பார்த்தான்.

வாயிலிலிருந்து இவர் ஓடிவந்தார், வேலைக் காலணியோடு, முழங்கைவரை கிரீஸோடு. லிஃப்டிலிருந்த மூவரும் பத்திரம். பிள்ளைகளையும் வண்டியையும் பார்த்தவர் முகம் விழுந்துவிட்டது. "வண்டியிலயா வந்தீங்க?"

"ஆமா! வண்டியில!" என்றான் சின்னவன், பெருமையாக.

"சரி விடு," என்று என் தோளைத் தொட்டார். "என்னாலதான். அடுத்த வருஷம் பாக்கலாம்."

"அவங்கதான் வண்டியில," என்றேன். "நான் முன்னாடி."

மே 20

மனசு உறுத்தியது. சொல்லிவிட்டேன். சின்னவனுக்காக வண்டி நின்றது, நிற்காமல் வந்திருந்தால் என்னை அள்ளியிருக்கும். பந்தயம் செல்லுமா?

இவர் ரொட்டியை மென்றுகொண்டே யோசித்தார். "இத்தனை நாளா அவனுக்கு வந்தப்பல்லாம் நின்னது யாரு?"

"நான்."

"நேத்து நின்னது?"

"வண்டி."

"அப்ப நேத்து ஓடினதுதான் உன் நிஜமான ஓட்டம். செல்லும்."

சொல்வது சுலபம். போன் அடிக்கும்போது பார்ப்போம்.

மே 22

பள்ளியில் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். பெரியவள் எழுந்து நின்று, "வண்டிக்கு முன்னாடி ஓடுவாங்க," என்றாளாம்.

மே 26, ஞாயிறு

காலையில் வாசலில் உட்கார்ந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே போன் அடித்தது.

கட்டின கயிற்றையே மறுபடி கட்டினேன். காது உள்ளே.

"யாராவது மாட்டிக்கிட்டாங்களா? ... இல்லையா? வெறும் சத்தமா?" சின்னவன் எதையோ கொட்டினான். "இன்னிக்கு முடியாதுங்க. ரெண்டு குழந்தைங்க இருக்கு, வீட்ல ஆள் இல்ல."

நான் இன்னும் வாசலில்தான் இருந்தேன். அவர் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன்.