மேலே கிடக்கும் பழைய பாறை

எல்ம், சுவிஸ்
11 மே 2025

அன்பின் டெனிஷாவுக்கு,

நான் சுகம். நீயும் மாமியும் சுகமாயிருக்கப் புனித அன்னம்மாளை மன்றாடுகிறேன். போனில் கதைத்தால் ஐந்து நிமிடத்தில் சண்டை வருகிறது, இனிக் கடிதம் எழுதுவோம் என்று சொன்னவள் நீ. சரி, எழுதுகிறேன். பிழைகளுக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடாதே. நான் உன் வகுப்புப் பிள்ளை இல்லை, புருஷன்.

இந்த ஹோட்டலுக்கு மாறி வந்து ஒரு மாதம் ஆகிறது. சமையலறையில் கோப்பை கழுவும் இடத்துக்கு நேரே ஒரு ஜன்னல் இருக்கிறது. ஜன்னல் முழுக்க மலைதான். முதல் கிழமை அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு முகத்துக்கு முன்னால் இப்படி ஒரு சுவர் நின்றால் மூச்சு முட்டும். இப்போது பழகிவிட்டது.

அந்த மலையில் ஒரு கோடு இருக்கிறது. அடிமட்டம் வைத்துக் கீறினதுபோல ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போகிறது. கோட்டுக்கு மேலே கல் கறுப்பும் பச்சையுமாக இருக்கிறது, கீழே சாம்பல் நிறம். பேக்கரியிலிருந்து பாண் சுற்றிவரும் தாளில் கீறி இதோடு வைத்திருக்கிறேன். படத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நீ கல்லுப் படித்தவள், இது என்னவென்று சொல்லு.

இனிக் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். உன்னைக் கூப்பிட இங்கே அனுமதி கிடைத்துவிட்டது. ஒக்ரோபர் முடிவதற்குள் நீ சம்மதம் சொல்ல வேண்டும். வருகிறாயா? இரண்டரை வருடமாக இந்தப் பேச்சை எடுத்தாலே நீ வேறு கதைக்குப் போய்விடுகிறாய். வராவிட்டால் வரவில்லை என்று சொல்லு. இப்படி நடுவில் தொங்கிக்கொண்டிருக்க எனக்கு இயலவில்லை.

உன்,
ஜெனிஸ்டன்

*

முந்தல்
2 ஜூன் 2025

அன்புள்ள ஜெனிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், கடைசிப் பந்தியைத் தவிர. மலையை நன்றாகத்தான் கீறியிருக்கிறீர்கள். பக்கத்தில் நிற்கும் மாடுதான் நாய்போல இருக்கிறது.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்கிறேன், அதுதான் எனக்குச் சுலபம். ஒரு காலத்தில் கடலடியிலோ ஆற்றுப் படுகையிலோ மண் படிந்தது. அதற்கு மேல் வேறொரு மண் படிந்தது. எல்லாம் இறுகிக் கல்லானது. ஆகவே கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது பிறகு வந்தது. போன கிழமை வாடகை வான் ஓட்டும் அஸாமின் வண்டியில் வகுப்புப் பிள்ளைகளை வண்ணாத்திவில்லுப் பக்கம் கூட்டிப்போய் இதைத்தான் காட்டினேன். அங்கே ஒரு வெட்டுக் குழியில் கீழே சிப்பி நிறைந்த சுண்ணாம்புக்கல், மேலே செம்மண். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடி ஆண்டுக்கு மேல் போயிருக்கிறது, ஆனால் அந்தக் காலத்துக்குச் சாட்சியாக ஒரு பிடி மண்கூட இல்லை. உங்கள் மலையிலும் அந்தக் கோடு அப்படிப்பட்ட இடமாகத்தான் இருக்கும். கீழே உள்ள சாம்பல் கல் கிழவன், மேலே உள்ளது பிள்ளை. உங்கள் படத்தையும் வகுப்பில் காட்டினேன்.

மற்றக் கேள்விக்கும் பதில் எழுதிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் வேறொன்றுதான் வந்து விழுகிறது. அதை எழுதினால்தான் மற்றது வரும் போலிருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு முதல் நாள் நீங்கள் விமானம் ஏறினீர்கள். விசா அந்தத் திகதியோடு முடிகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மருமகன்தான் மாமிக்குப் பக்கத்தில் முன் வரிசை வாங்கில் இருக்க வேண்டும். அம்மா உங்களுக்கென்று இடம் விட்டே உட்கார்ந்தா. வெள்ளைச் சீலையோடு அம்மா, அவவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு வெறும் பலகை, அதற்குப் பிறகு நான். கோயில் முழுக்க அந்தப் பலகையைத்தான் பார்த்தது. இன்றைக்கும் ஆண்டுப் பூசைக்குப் போனால் அம்மா அந்த இடத்தை விட்டுத்தான் இருக்கிறா. "தள்ளி வாங்கோம்மா" என்றால், "இருக்கட்டும் மகள், அவர் வந்தா எங்க இருப்பார்" என்கிறா.

இந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு முதலில் படுவது அந்த வெறும் இடம்தான். அதைத் தாண்டி உங்களிடம் வர வழி தெரியவில்லை.

இறால் பண்ணைக்காரர்கள் குளத்தை இறைத்துவிட்டார்கள், ஊரே மணக்கிறது. குளிருக்கு ஒழுங்காக உடுத்துங்கள்.

டெனிஷா

*

எல்ம்
24 ஜூன் 2025

அன்பின் டெனிஷாவுக்கு,

உன் கடிதத்தைக் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி வாசித்தேன். வாங்கைப் பற்றி எழுதியிருந்தாய். அன்றைக்கு நான் டோகாவில் அடுத்த விமானத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன். நம் கோயிலில் பூசை தொடங்கும் நேரம் பார்த்து ஒரு மூலையில் போய் முழந்தாளில் நின்றேன். கூட்டுகிற ஆள் காலைத் தூக்கச் சொன்னான். இதை உனக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இனிக் கல்லு. ஊருக்குள் இந்த மலையைப் பற்றி ஒரு விளக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் ஹோட்டலில் மேசைக்குச் சாப்பாடு கொடுக்கும் பெடியன் அதை எனக்கு வாசித்துச் சொன்னான். கோட்டுக்கு மேலே உள்ள கல்தான் பழையதாம், கீழே உள்ளது புதியதாம். பலகையில் பிழை என்று நான் சொன்னேன். "என் மனைவி இதைப் படிப்பிக்கிறாள், கீழே உள்ளதுதான் கிழவன்" என்று சொல்லி அவனோடு அரை மணித்தியாலம் சண்டை பிடித்தேன். பலகையை மாற்றச் சொல்லி ஊர்ச் சபைக்குக் கடிதம் போடு என்று சிரிக்கிறான். நீ ஒரு வரி எழுதி அனுப்பு, அவன் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும்.

அதே மலையில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. வருடத்தில் இரண்டு தரம் வெயில் அந்த ஓட்டை வழியாக வந்து இங்குள்ள கோயில் கோபுரத்தில் விழுமாம். அடுத்தது ஒக்ரோபர் தொடக்கத்தில். அதைப் பார்ப்பதற்கென்றே சனம் வருமாம்.

மாமிக்குக் கண் மருந்து முடிகிறதா என்று பார். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தபோது ஓம் ஓம் என்றா, அவவின் ஓமை நம்ப இயலாது.

உன்,
ஜெனிஸ்டன்

*

முந்தல்
3 ஓகஸ்ட் 2025

அன்புள்ள ஜெனிக்கு,

அந்தப் பெடியனோடு இனிச் சண்டை பிடிக்க வேண்டாம். பலகை சரி, நான்தான் பிழை.

உங்கள் கடிதம் வந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவளுக்குப் போன் எடுத்தேன், அவள் படங்கள் அனுப்பினாள். அந்த மலையைப் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்களாம். மேலே உள்ள கல்லுக்கு இருபத்தைந்து கோடி ஆண்டுக்கு மேல் வயது. கீழே உள்ள சாம்பல் கல்லுக்கு ஐந்து கோடிகூட இல்லை. நிலத்தட்டுகள் ஒன்றையொன்று நெரித்தபோது பழைய பாறை பெயர்ந்து, புதியதின் மேல் ஏறி, இங்கிருந்து சிலாபத்தையும் தாண்டிப் போகிற தூரம் நகர்ந்திருக்கிறது. நெருப்பு இல்லை, வெடிப்பு இல்லை. ஒரு வருடத்தில் நகர்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கவும் முடியாது. நடுவில் உள்ள கோடு மெல்லிய சுண்ணாம்புக்கல். அது இளகிக் கொடுத்தபடியால்தான் இவ்வளவும் நகர்ந்தது.

வகுப்பில் போய்த் திருத்திச் சொன்னேன். நஸ்லா என்றொரு பிள்ளை எழும்பி, "அப்ப மேல இருக்கிறதப் பாத்து மட்டும் வயசு சொல்ல ஏலாதா ரீச்சர்?" என்று கேட்டாள். ஏலாது என்றேன். அன்றைக்கு அதற்கு மேல் என்னால் பாடம் நடத்த முடியவில்லை.

ஜெனி, அந்த வெறும் வாங்கு எனக்கு எப்போதும் மேலேதான் கிடக்கிறது. காலையில் எழும்பினால் நேற்று நடந்ததுபோல இருக்கும். மேலே கிடக்கிறபடியால் அது புதியது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது பழையது. அதற்குக் கீழே எவ்வளவு அகப்பட்டுக் கிடக்கிறது தெரியுமா? அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கண் வெட்டிய மாதம் மருந்து விடும் நேரத்துக்கெல்லாம் போன் எடுத்து ஞாபகப்படுத்தியவர் நீங்கள். பக்கத்து அறையில் இருந்த நான் மறந்துபோனேன். ஒரு ஞாயிறுகூட நீங்கள் தவறவிடவில்லை. நான் சொன்னேன் என்பதற்காக அந்த ஊர்ப் பலகையோடேயே சண்டை பிடித்திருக்கிறீர்கள். இதை வாசித்துவிட்டு நான் குசினிக்குள் போய் அழுதேன்.

கோபம் இல்லை, ஜெனி. போய்விட்டது என்று எழுதவே சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் கோபம் போனால் உங்களிடம் வந்துவிடுவேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எடுத்துவிட்டுப் பார்த்தால் அடியில் வேறொன்று இருக்கிறது. எனக்கு இங்கே இருக்க விருப்பம். இந்தப் பிள்ளைகளை அந்தக் குழிக்குக் கூட்டிப்போக விருப்பம். முதல் தரம் ஒரு பிள்ளை கல்லுக்குள் சிப்பியைக் கண்டு, "ரீச்சர், இங்க கடல் இருந்திச்சா?" என்று கேட்கிறபோது பக்கத்தில் நிற்க விருப்பம். அங்கே வந்தால் நான் உங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன், அவ்வளவுதான்.

ஆகவே நான் வரவில்லை. நேரே சொல்லச் சொன்னீர்கள், சொல்லிவிட்டேன். இதை வாசித்த பிறகு நீங்கள் எடுக்கும் எந்த முடிவுக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். உங்களைத் தொங்கவிட்டு வைக்க எனக்கு இனி உரிமை இல்லை.

அப்பாவின் ஆண்டுப் பூசை ஒக்ரோபர் எட்டாம் திகதி. அம்மா இப்போதே வெள்ளைச் சீலையைத் தோய்த்து அலுமாரியில் வைத்துவிட்டா.

அன்போடு,
டெனிஷா

*

எல்ம்
7 செப்டெம்பர் 2025

டெனிஷா,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிறது. முதல் கிழமை உன்மேல் நல்ல கோபம். இரண்டு கோப்பை உடைந்தது, கைதவறி என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது கிழமை பாண் தாளை எடுத்து அந்த மலையைத் திரும்பவும் கீற உட்கார்ந்தேன். உன்னிடம் காட்ட வேண்டும் என்பதைத் தவிர அதைப் பார்க்க எனக்கு வேறு காரணம் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. இருபத்தொன்பதாம் திகதி பறக்கிறேன். இன்னும் இரண்டொரு நாள் நின்றால் ஓட்டைக்குள்ளால் வெயில் விழுவதைப் பார்க்கலாமே, வேறு விமானம் எடுக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாமாவின் பூசையை ஒரு தரம் ஒரு நாளால் தவறவிட்டது எனக்குப் போதும். இங்கே திரும்பி வர விமான ரிக்கற் எடுக்கவில்லை.

அங்கே வந்து என்ன செய்வேன் என்று இன்னும் தெரியாது. நுரைச்சோலையில் மச்சான் டிலக்‌ஷனுக்கு மீன்பிடி வள்ளத்தில் ஓர் ஆள் வேண்டுமாம், முதலில் அதைப் பார்க்கலாம். அந்தக் குழிக்கு ஒரு நாள் என்னையும் கூட்டிப்போ. பின்வரிசையில் சத்தம் போடாமல் நிற்பேன்.

கோட்டுக்கு மேலேயிருந்து ஒரு கல்லும் கீழேயிருந்து ஒரு கல்லும் எடுத்துச் சட்டைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குக் காட்டு.

மாமியிடம் சொல்லு, இந்த முறை வாங்கில் இடம் விட வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருங்கள். நான் வந்து நெருக்கிக்கொண்டு உட்காருகிறேன்.

ஜெனி