கொல்லையில் இருக்கும் பெட்டிகள்

மத்திகிரியில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நம் பையன் ஆராய்ச்சிக்காகக் கொல்லையில் வைத்த பெட்டிகளை எடுக்கச் சொன்னீர்களாம். அவன் காரியத்தன்று துணிமணியை நீங்கள் எடுத்துக் கொடுத்தபோது நான் தடுக்கவில்லை. நேற்று உங்கள் தம்பி மாட்டுவண்டியோடு வந்தார்.

"செத்தவன் சாமான் இருந்தா ஊட்டுக்கு ஆகாது, அண்ணி."

"அப்ப என்னையும் ஏத்துப்பா. நானும் அவன் சாமான்தான்."

வண்டி காலியாகத் திரும்பியது.

வானத்திலிருந்து விழும், கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்கிற பெட்டிகள் அவை. ஈர்ப்புவிசைக்கு யாரோ புதுக்கணக்குச் சொல்கிறார்களாம். அது நிஜமானால், வெகுதூரம் வரும் துகள் வழியிலேயே பலமிழந்துவிடும் என்றான். பலம் குறையாமல் வந்து விழுந்தால் அந்தக் கணக்கு பொய். அதற்காகத்தான் காத்திருந்தான். அதற்குள் ஓசூர் ரோட்டில் லாரி அடித்துவிட்டது.

இன்று பெங்களூரிலிருந்து அவன் சிநேகிதன் வந்து பெட்டிகளைப் பார்த்தான். அப்படிப் பலம் குறையாத துகள் ஒன்று விழுந்திருக்கிறதாம். "அவன் சொன்னதுதாம்மா சரி" என்று அழுதான். நான் அழவில்லை. சோறு போட்டேன்.

பெட்டிகள் இங்கேதான் இருக்கும். காரியம் முடிந்து போன நீங்கள் இன்னும் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்தத் துகள் எங்கிருந்தோ கிளம்பி, பலம் குறையாமல் அவன் கொல்லைக்கு வந்து சேர்ந்துவிட்டது. மத்திகிரியிலிருந்து நம் ஊர் கல்லாவிக்கு பஸ் இருக்கிறது.

இப்படிக்கு,
அவனைப் பெற்றவள்